கால் போன பின் மனு எழுதுவதா?

தோட்டப்புறத்தில் இனிப்பு நீர் என்ற சொல் புதிதன்று. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்த நோயோடு காலம் தள்ளும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை விழுங்குகிறார்கள், கோப்பியில் சீனி வேண்டாம் என்கிறார்கள், தீபாவளியன்று மட்டும் டாக்டர் சொன்னது மறந்து போகிறது. இன்று எழுத வந்தது அவர்களைப் பற்றியன்று. அவர்களோடு ஒரே பெயரில் சேர்த்துப் பேசப்பட்டு, அதனாலேயே யார் கண்ணிலும் படாமற் போகிற வேறு சிலரைப் பற்றி.

நீரிழிவில் முதலாம் வகை என்று ஒன்று உண்டு. வயது ஏறி, உடல் பருத்து, மெல்ல மெல்ல வருகிற இரண்டாம் வகையைப் போன்றதன்று அது. பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கோ, புதிதாகப் பெயர் பதிந்த இளைஞனுக்கோ வரும். எந்த வயதிலும் வரலாம். வயிற்றுக்குள் கணையம் என்ற உறுப்பில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் இருக்கின்றன. உடலைக் காக்க வேண்டிய காவற்படையே அந்த அணுக்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. மிட்டாய் தின்றதால் வந்தது, தாய் கண்டித்து வளர்க்காததால் வந்தது என்று கோயில் வாசலில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயின் காதில் விழும்படியே பேசுவார்கள். முழுப் பொய் அது.

இவர்கள் இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் வாழ முடியாது. மாத்திரை போதாது, பாகற்காய்ச் சாறு போதாது, வாரச் சந்தையில் போத்தலில் விற்கும் மூலிகைத் தண்ணீரும் போதாது. "ஊசியை நிறுத்து, என் மருந்தைக் குடி" என்று சொல்பவனைத் தோட்ட வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்ப வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தலாகாது. நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறும். வயிறு வலிக்கும், வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும், வாயில் அழுகிய பழம் போன்ற வாடை வரும். வயிற்று வலி என்று காற்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தால் மறுநாள் பிணத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் இந்நோய் வந்தாலே மரணந்தான். 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரோண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் பேராசிரியர் மெக்லியோடின் ஆய்வுக்கூடத்தில் கணையத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். கொலிப் என்பவர் அதைச் சுத்தப்படுத்தினார். 1922 ஜனவரியில் லியோனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது ஏற்றப்பட்டது. சாகக் கிடந்த பையன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்தின் உரிமையைக் கோடிக்கு விற்றிருக்கலாம். ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏழைக்கும் எட்ட வேண்டும் என்று எண்ணிய மனிதர்கள் அவர்கள். பிற்காலத்தில் இன்சுலின் விற்றுக் கொழுத்த கம்பெனிகளின் கதை வேறு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

ஆகவே இன்று உயிர் பிழைப்பது பெரிதன்று. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இந்நோயோடு வாழலாம். அந்த ஐம்பது ஆண்டும் சொந்தக் காலில் நின்று வாழ்வானா என்பதே கேள்வி. அங்கேதான் நரம்பு வருகிறது.

மரம் சீவுகிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். உளி ஒரு மயிரிழை ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டுவிட்டால், அன்றைக்குப் பாலில் குறையொன்றும் தெரியாது. மங்கு நிறையத்தான் செய்யும். பல ஆண்டு கழித்து அதே இடத்தில் புதுப்பட்டை வளரும்போது கரடும் முரடுமாய் முடிச்சு விழுந்திருக்கும், உளி ஓடாது. யார் வெட்டியது, எந்த ஆண்டு வெட்டியது என்று கேட்டால் பதில் இருக்காது. இரத்தத்தில் ஏறிய சர்க்கரை நரம்புக்குச் செய்வது இதைத்தான். இன்று ஏறியது இன்று வலிக்காது.

நமது உடம்பில் மிக நீளமான நரம்பு முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை மூன்று அடிக்குமேல் ஓடுகிறது. நீளமானதுதான் முதலில் கெடும். இன்சுலின் அனுமதி கொடுத்தால்தான் தசைக்குள் சர்க்கரை தாராளமாக நுழையும். நரம்புக்குள் நுழைய அந்த அனுமதி வேண்டியதில்லை. இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் நரம்பின் வாசலுக்கு வந்துவிடுகிறது. உள்ளே அது சோர்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறித் தேங்குகிறது. நரம்புக்குச் சோறு போடும் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களும் தடித்து அடைத்துப் போகின்றன. பட்டினி கிடக்கும் நரம்பு முதலில் கூச்சலிடும்: கால் விரலில் எறும்பு ஊர்வது போலிருக்கும், இரவில் பாதம் எரியும், போர்வை பட்டாலே பொறுக்காது. பிறகு ஒரு நாள் அந்தக் கூச்சல் அடங்கிவிடும்.

எரிச்சல் நின்றுவிட்டது, குணமாகிவிட்டது என்று அம்மனுக்கு நேர்த்திக்கடன் தீர்த்தவர்களை நாம் அறிவோம். குணமாகவில்லை. சொல்வதற்கு நரம்பு இல்லாமற் போயிற்று, அவ்வளவுதான். அதன் பின் பூட்ஸுக்குள் கல் கிடந்தாலும் தெரியாது, அட்டை கடித்த இடம் புண்ணானாலும் தெரியாது. வியர்வையை நடத்தும் நரம்பும் போய்விடுவதால் பாதம் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் கிருமி புகும். கால் எடுக்கும் கதை பெரும்பாலும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது. கைக்கும் தீங்கு உண்டு. விரல் மடங்காமல் இறுகுவது, மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கை மரத்துப் போவது, இவை நீரிழிவுக்காரருக்கு மற்றவரைவிட அதிகம். உளி பிடித்துப் பிழைப்பவனுக்குக் கை மரத்தால் வேறு என்ன மிச்சம்?

வேறு சில நரம்புகள் நாம் கவனிக்காமலே வேலை செய்கின்றன. இரைப்பையை அசைப்பவை, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாங்குபவை. அவையும் கெடும். சாப்பிட்டது அசையாமல் கிடக்கும். எழுந்தால் தலை சுற்றும்.

இவ்வளவும் விதியா? இல்லை. இதை ஊகமாகச் சொல்லவில்லை. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் இக்கேடுகள் குறையுமா என்று டாக்டர்களே பல காலம் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 29 மருத்துவ நிலையங்களில் ஒரு பெரிய சோதனை தொடங்கிற்று. 1,441 பேர், எல்லாரும் முதலாம் வகைக்காரர், வயது 13 முதல் 39 வரை. 730 பேருக்கு அந்நாளைய வழக்கப்படி தினம் ஒன்றோ இரண்டோ ஊசி. 711 பேருக்குத் தினம் மூன்று ஊசியோ அதற்கு மேலோ, அல்லது இடுப்பில் கட்டும் பம்ப். நாளைக்கு நான்கு தடவையாவது விரலில் குத்திச் சோதனை. சென்ற இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை உண்டல்லவா, அது முதற் கூட்டத்துக்கு 9-ஐ ஒட்டியும் இரண்டாம் கூட்டத்துக்கு 7-ஐ ஒட்டியும் நின்றது. சராசரியாக ஆறரை ஆண்டு பார்த்தார்கள். 1993-இல் முடிவு வெளியாயிற்று. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களிடம் நரம்புக் கேடு 60 விழுக்காடு குறைந்திருந்தது. கண்ணும் சிறுநீரகமும் அவ்வாறே பெரிதும் தப்பின.

அதோடு விடவில்லை. சோதனை முடிந்த பின்னும் அதே மனிதர்களைத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். சில ஆண்டுகளில் இரு கூட்டத்தாரின் சர்க்கரையும் ஏறக்குறைய 8-இல் வந்து ஒன்றாகிவிட்டது. ஆயினும் 13, 14 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, முன்பு இறுக்கிப் பிடித்தவர்களில் 100-க்கு 25 பேரிடமும் மற்றவர்களில் 100-க்கு 35 பேரிடமும் நரம்புக் கேடு இருந்தது. இளமையில் காத்தது பின்னாளில் கைகொடுக்கிறது. 25 என்பதும் சிறிய எண்ணன்று; முழுக் காப்பு என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இருப்பினும் இரண்டாம் வகைக்காரரைவிட முதலாம் வகைக்காரருக்கே சர்க்கரைக் கட்டுப்பாட்டால் நரம்பு அதிகமாகக் காக்கப்படுகிறது என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி.

இந்தச் செய்தியைக் கேட்டவுடன் நிர்வாகத்தாரும், சில டாக்டர்களும், நம்மவரிலேயே பலரும் என்ன சொல்கிறார்கள்? "பார்த்தாயா, கட்டுப்பாடு வேண்டும். நோயாளிக்கு ஒழுங்கு வேண்டும். ஒழுங்கில்லாதவன் காலை இழக்கிறான்" என்கிறார்கள். இங்கேதான் நாம் மறுக்கிறோம்.

அந்த 711 பேருக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்க வேண்டாமா? மாதந்தோறும் மருத்துவ நிலையத்தில் சந்திப்பு. இடையில் அடிக்கடி தொலைபேசியில் அழைத்து, சர்க்கரை எவ்வளவு, ஊசி எவ்வளவு என்று கேட்க ஆள். உணவுக்குத் தனி ஆலோசகர். அவர்கள் ஒழுங்காக இருந்தார்கள் என்பது மெய். ஒழுங்காக இருப்பதற்கு வேண்டிய ஏற்பாட்டை ஒரு கூட்டமே நின்று செய்து கொடுத்தது என்பதும் மெய். முதற் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு தொழிலாளியின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

நமது பால்காட்டை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. வெறும் வயிற்றோடு, அல்லது ஒரு கோப்பை கோப்பியோடு காட்டுக்குப் போகிறான். நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரம், மேடும் பள்ளமும். இன்சுலின் உள்ளே போயிருக்க, உணவு தாமதமாகி, உடலும் ஓடிக்கொண்டிருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். சரி, மழை பெய்கிறது, சீவு இல்லை. அன்று வேலையும் இல்லை, நடையும் இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நேற்றைய அளவு ஊசி இன்று போதாது, சர்க்கரை ஏறும். இலை உதிரும் மாதங்களில் வேலை ஒருவிதம். ஆள் குறைந்து, அடுத்தவன் நிரையையும் சேர்த்துச் சீவும் நாளில் ஒருவிதம். அளவான வேளைக்குச் சாப்பிடு, அளவாக ஊசி போடு என்று நகரத்து டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு, மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு எழுதியது. மேகத்தைப் பார்த்து வேலை செய்பவன் அந்தச் சீட்டை வைத்து என்ன செய்வான்?

அவன் செய்வது ஒன்றுதான். காட்டில் மயக்கம் வரக்கூடாதே என்று ஊசியைக் குறைத்துப் போடுகிறான். சர்க்கரையை எப்போதும் சற்று ஏற்றியே வைத்துக்கொள்கிறான். வேலை தப்புகிறது, நரம்பு போகிறது. இதை ஒழுங்கீனம் என்பவர்கள், அவனுடைய இடத்தில் ஒரு மாதம் நின்று பார்க்கட்டும்.

அவன் அஞ்சுவதிலும் காரணம் உண்டு. மேலே சொன்ன சோதனையிலேயே, சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு அது அபாயமாக இறங்கிய சம்பவங்கள் மூன்று மடங்கு அதிகமாயின. இரத்தச் சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், கால் தடுமாறும், சொன்னது விளங்காது, சிலருக்குக் கோபமும் வரும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவன் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இருபத்திரண்டு வயதுப் பையன். காலை பத்து மணிக்குப் பால் வாளியோடு தள்ளாடிக்கொண்டு வந்தான். வாளி சாய்ந்து பால் கொட்டிற்று. மண்டோர் கேட்டதற்குக் குழறிக் குழறி ஏதோ சொன்னான். காலையிலேயே சம்சு குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஆபீசுக்குச் சொல்லப்பட்டது. எச்சரிக்கைக் கடிதமும் தயாராயிற்று. பக்கத்து நிரையில் சீவும் ஓர் அக்காள், அந்தப் பையனின் தாயோடு பழகியவர், தம் பசியாறும் பையிலிருந்த இனிப்புத் தேநீரை அவன் வாயில் வைத்துக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, பால் எங்கே என்று கேட்டான். கடிதம் திரும்பப் பெறப்பட்டது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பின் அவன் ஊசியைக் குறைத்துவிட்டான் என்பதும் உண்மை. யார் அவனைக் குறை சொல்வது? சம்சுப் பழியைத் தோட்டத் தொழிலாளியின் தலையில் வைப்பது எவ்வளவு எளிதாகிவிட்டது பாருங்கள்! (சம்சு உண்மையிலேயே குடிப்பவர்களுக்கும் ஒரு சொல்: இன்சுலின் போடுகிறவன் மது குடித்தால் அன்றிரவு தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கலாம், மதுவே தனியாக நரம்பையும் கெடுக்கும்.)

ஆகவே நாம் கேட்பது தருமம் அன்று. முதலில், நேரம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் 30 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு வேண்டும் என்கிறது. அந்த 30 நிமிடம் காட்டில் உண்மையாக இருக்கிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்பது சீவுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். பாலின் எடையைப் பார்த்துக் கூலி என்றால், ஓய்வெடுத்தவன் தன் கூலியிலேயே ஓய்வெடுக்கிறான். விரலைக் குத்திப் பார்க்க, ஊசி போட, நான்கு வாய் சாப்பிட இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்துக்காக நிரையில் நாலு மரம் விட்டுப் போனால் மண்டோர் கேள்வி கேட்கக் கூடாது. கூலியும் குறையக் கூடாது.

அடுத்தது கிளினிக்குப் போகும் நாள். இது கிராணிமாருக்கு நன்கு தெரிந்த விஷயம். நோய் முற்றிப் படுத்துவிட்டால் எம்.சி. கிடைக்கிறது. சட்டப்படி இரண்டு ஆண்டுக்குட்பட்ட சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குட்பட்டதற்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்கினால் 60 நாள். ஆனால் நோய் முற்றாமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் சோதிக்கப் போகிறவனுக்குக் கிளினிக்கில் கொடுப்பது பெரும்பாலும் டைம் சிலிப். காலை எட்டு மணிக்குப் போய், நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கித் திரும்பும்போது பிற்பகல் ஆகிவிடும். ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அந்தச் சிலிப் செல்லும். மீதி நேரம் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். மரம் சீவுபவனுக்கு மீதி நேரம் ஏது? பால் ஓடுவது காலையில். பிற்பகலில் யாருக்காக மரம் காத்திருக்கிறது? அன்றைய கூலி முழுவதும் போகிறது. படுத்தால் சம்பளம், படுக்காமல் இருக்கப் பாடுபட்டால் சம்பள வெட்டு! இதைவிடத் தலைகீழான கணக்கு உண்டா? ஆண்டுக்கு நான்கு நாள், கிளினிக் சீட்டைக் காட்டினால் சம்பளத்தோடு விடுப்பு என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நான்கே நாள். ஒரு காலின் விலை அதைவிட அதிகம்.

கிராணிமார் இங்கே பெரிய உதவி செய்ய முடியும். டைம் சிலிப்பை மடித்து மேசைக்குள் போடாமல் புத்தகத்தில் பதிய வேண்டும். பதிவு இருந்தால்தான் நாளைப் பேச்சுவார்த்தையில் சங்கம் மேசையைத் தட்டிப் பேசலாம். இன்னும் ஒன்று: நோயாளியின் பெயர் ஆபீசில் எல்லார் வாயிலும் அடிபடக் கூடாது. "சர்க்கரைக்காரன்" என்று பெயர் வைத்துவிட்டால், அடுத்தவன் தன் நோயை மறைத்துவிடுவான். மறைப்பவன் காட்டில் தனியே விழுந்தால் கண்டெடுக்க மதியமாகும். சம்மதித்தால் பக்கத்து நிரைக்காரர் ஒருவருக்கும் மண்டோருக்கும் மட்டும் தெரிந்திருப்பது நல்லது. அவன் பையில் சீனி இருக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்தும் கருவியும் அடுத்த சங்கதி. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு இன்சுலின் சொற்பக் கட்டணத்தில் கிடைக்கிறது. ஆனால் விரலில் குத்திச் சோதிக்கும் தாள்களைப் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தினம் நான்கு என்றால் மாதம் 120 தாள். கூலியில் அதை ஒதுக்கிவிட்டு அரிசி வாங்கச் சொன்னால் யாராலும் முடியாது. ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டு மற்ற நாட்களை ஊகத்தில் ஓட்டுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு மரம் சீவுவதும் இதுவும் ஒன்றுதான். முதலாம் வகைக்காரருக்கு இந்தத் தாளை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதுவரை தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். அடையாளக் கார்டு இல்லாத நம்மவருக்கும், அயல்நாட்டிலிருந்து வந்து நம்மோடு சீவும் தோழர்களுக்கும் வெளிநாட்டார் கட்டணம் வேறு இருக்கிறது. அவர்களையும் மறந்து பேச முடியாது.

இன்சுலின் வெயிலுக்கு ஆகாது. திறக்காததைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது. பயன்பாட்டில் உள்ளது 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போட்டுக் காட்டோரம் நிறுத்தினால் அது வெறும் தண்ணீருக்குச் சமானமாகிவிடலாம். போட்டவன் போட்டோம் என்று நினைப்பான், சர்க்கரை இறங்காது. பால் ஸ்டோரிலோ ஆபீசிலோ இருக்கும் குளிர்பெட்டியில் ஒரு மூலையை ஒதுக்கித் தரக் கேட்பது அதிகப்படியான கோரிக்கையா? துரையின் குளிர்பானத்துக்கு இடம் இருக்கிறதே! வீட்டில் பெட்டி இல்லாதவர் ஈரமணலுக்குள் புதைத்த மண்பானையில் வைத்தாலும் சூடு குறையும். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி விழுந்து மருந்து சரியாக இறங்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கால் சோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை, ஓர் இசைக்கவை, இவ்வளவுதான். பாதத்தில் இழையைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பார்கள். கவையை அதிரவிட்டு விரலில் வைப்பார்கள். முதலாம் வகைக்காரருக்கு நோய் கண்ட ஐந்தாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் இச்சோதனை வேண்டும் என்பது மருத்துவ விதி. தோட்டத்து டிரெஸர் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். டாக்டர் செய்யாவிட்டால் "டாக்டர், காலைப் பாருங்கள்" என்று சப்பாத்தைக் கழற்றி நீட்ட வேண்டும், கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டில் ராத்திரி விளக்கடியில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும், பூட்ஸை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டுவதும் நம் கையில் இருக்கிற காரியங்கள்.

பக்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீமிதியிலும், தைப்பூச வெயிலில் தாரில் வெறுங்காலோடு நடப்பதிலும் மரத்த பாதக்காரருக்கு வெந்தது தெரியாது. சுடவில்லை, அம்மன் காத்தாள் என்று மகிழ்ந்து வீடு திரும்புவார். மூன்றாம் நாள் கொப்புளம் சீழ் பிடிக்கும். நாம் யாருடைய நம்பிக்கையையும் பழிக்கவில்லை. ஆனால் கோயில் கமிட்டிக்காரர்கள் பெயர் பதியும்போதே இதைக் கேட்டு, அப்படிப்பட்டவருக்கு வேறு நேர்த்திக்கடன் சொல்லலாம். பால்குடம் எடுக்கலாம், அதையும் செருப்போடு எடுத்தால் தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது நாளை முதல் ஊசியைத் தாமாகவே கூட்டிவிட வேண்டாம். பல ஆண்டு ஏறிக் கிடந்த சர்க்கரையை இரண்டு மூன்று மாதத்தில் தடாலென்று இறக்கினால் சிலருக்கு நரம்பு வலி புதிதாகக் கிளம்பும், கண்ணும் கெடலாம். டாக்டரோடு பேசிப் படிப்படியாக இறக்க வேண்டும். நரம்பு வலிக்கு மாத்திரைகள் உண்டு. அவை வலியைத் தணிக்கும், கெட்ட நரம்பைத் திருப்பித் தரா.

தோட்டத்துக்கு ஒருவரோ இருவரோ இருக்கும் நோய்க்கு ஒப்பந்தத்தில் தனி வரி எதற்கு என்று நம் கிளைக் கூட்டத்திலேயே கேட்பவர்கள் இருப்பார்கள். ஓய்வு நேரமும், கிளினிக் விடுப்பும், கால் சோதனையும், நல்ல பூட்ஸும் வந்தால் மாத்திரை விழுங்கும் மூத்தவர்களுக்கும் அவை பயன்படும். கர்ப்பிணித் தோழியருக்கும் பயன்படும். அப்படியே அந்த ஒருவனுக்காக மட்டும் என்றாலும், ஒருவனுக்காகப் பேசாத சங்கம் எதற்கு? நம்முடைய சங்கத்தையும் சற்றுக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கால் எடுத்த பின் சொக்சோவுக்கு மனு எழுதுவதிலும், ஊனப் பென்ஷனுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைவதிலும் நாம் கெட்டிக்காரர்கள். அந்த மனுவை எழுதும் கை, பத்து ஆண்டுக்கு முன்பே டைம் சிலிப்புக்காக ஒரு கடிதம் எழுதியிருந்தால் அந்தக் கால் இன்னும் காட்டில் நடந்துகொண்டிருக்கும்.

கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். எத்தனை பேர் இன்சுலின் போடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் சிறு வயதிலேயே தொடங்கியவர்கள், சென்ற ஆண்டில் கிளினிக்குப் போனதற்காக எத்தனை நாள் கூலி வெட்டப்பட்டது என்ற மூன்று கணக்கு மட்டும் தலைமையகத்துக்கு வந்தால் போதும். பெயர் எழுத வேண்டாம்.